பேராலயம் கட்டுவது எப்படி: புளோரன்ஸ் நகரம் 175 ஆண்டுகளில் செய்து காட்டிய வழி

1418ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போனவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பார்கள். ஊருக்கு நடுவே மலைபோல ஒரு பேராலயம். கட்டத் தொடங்கி 122 ஆண்டுகள் ஆகிவிட்டன. சுவர்கள் எழுந்துவிட்டன, தூண்கள் நின்றுவிட்டன, நீண்ட நடுக்கூடத்துக்குக் கூரையும் போட்டாகிவிட்டது. ஆனால் பலிபீடப் பகுதிக்கு நேர் மேலே, ஏறத்தாழ 42 மீட்டர் அகலத்துக்கு, எண்கோண வடிவில் வானம் தெரிந்தது. அந்தத் திறப்பை மூடுவது எப்படி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. மூடும் வழி தெரியாது என்று தெரிந்தே அவ்வளவு அகலமாகக் கட்டினார்கள். பேரன் காலத்தில் யாராவது வழி கண்டுபிடிப்பார்கள் என்று தாத்தா அடித்தளம் போட்டார். மறுமலர்ச்சிக் காலப் பேராலயங்களைப் பற்றிப் பேசும்போது நாம் மேதைகளின் பெயர்களையே அடுக்குகிறோம். எனக்கோ, அந்தப் பேரன் வரும்வரை கடையை மூடாமல் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அலுவலகத்தின் மேல்தான் வியப்பு. எனவே இந்த வழிகாட்டியைப் படிக்கும்போது, அந்த அலுவலகத்தில் கணக்குப்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்னதாக ஒரு சொல் விளக்கம்

தமிழில் ‘பேராலயம்’ என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. வேளாங்கண்ணியையும் பேராலயம் என்கிறோம், ஆயரின் இருக்கை உள்ள தலைமை ஆலயத்தையும் பேராலயம் என்கிறோம். வேளாங்கண்ணி ஒரு பசிலிக்கா, அதாவது திருத்தந்தை (போப்) சிறப்புத் தகுதி அளித்த ஆலயம். அது தஞ்சை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கும் திரு இருதய ஆலயம். ஆயர் அமரும் நாற்காலிக்குக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ‘கதெத்ரா’ என்று பெயர். அந்த நாற்காலி எங்கே இருக்கிறதோ அது கதீட்ரல், அளவு பெரிதோ சிறிதோ.

ரோமிலும் இதே குழப்பம் உண்டு. உலகமே பார்த்துப் பழகிய புனித பேதுரு ஆலயம் ரோமின் கதீட்ரல் அன்று. ரோம் ஆயராகத் திருத்தந்தையின் நாற்காலி இலாத்தரன் ஆலயத்தில்தான் இருக்கிறது. இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் புளோரன்ஸின் சாந்தா மரியா டெல் ஃபியோரே, அதாவது ‘மலரின் புனித மரியா’, ஐயத்துக்கு இடமில்லாத கதீட்ரல்.

முதல் படி: காரணம் வேண்டும்

வழிபாடு என்பது காரணங்களில் ஒன்று. பழைய சாந்தா ரெப்பராத்தா ஆலயம் சிறியது, பழையது, சிதிலமானது. பெருகிவிட்ட நகரத்துக்குப் போதவில்லை. பெரிய திருவிழா நாளில் ஊரே ஒரு கூரையின் கீழ் நிற்க இடம் வேண்டும். இது வெளியே சொல்லப்பட்ட காரணம்.

வெளியே சொல்லாத காரணம் பக்கத்து ஊர்கள். பீசாவில் பளிங்குப் பேராலயம் எப்போதோ எழுந்துவிட்டது. சியெனாவும் தன் பேராலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. புளோரன்ஸ் அந்த இரண்டையும் விஞ்ச வேண்டும். போட்டி எவ்வளவு முற்றியது என்றால், 1339இல் சியெனாக்காரர்கள் தங்கள் ஆலயத்தையே ஒரு பக்கச் சிறகாக்கிவிட்டு, அதைவிட மிகப் பெரிதாக இன்னொன்று கட்டத் தொடங்கினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தது. வேலை நின்றது, பிறகு தொடரவே இல்லை. கூரையில்லாத அந்தப் பெரும் முகப்புச் சுவர் இன்றும் சியெனாவில் தனியாக நிற்கிறது.

மன்னர் இல்லாத ஊர் புளோரன்ஸ். வணிகர்களும் தொழில் சங்கங்களும் ஆண்ட குடியரசு அது. எனவே அரண்மனைக்குப் போயிருக்க வேண்டிய பெருமையெல்லாம் பேராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் படி: பணத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள்

1296இல் அடிக்கல் நாட்டினார்கள். திட்டம் தந்தவர் அர்னோல்ஃபோ டி காம்பியோ என்ற கட்டடக் கலைஞர். அதே வேளையில், அவ்வளவு ஆரவாரமில்லாமல் இன்னொன்றும் பிறந்தது. அதுதான் ‘ஒபேரா’ என்ற நிர்வாக அமைப்பு. சொல்லுக்கு ‘வேலை’ என்றுதான் பொருள். நம் ஊரில் திருப்பணிக் குழு என்போமே, அதன் நிரந்தர வடிவம்.

வருமானம் எங்கிருந்து வந்தது? நகரக் கருவூலத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு லிராவிலும் நான்கு தெனாரி பேராலயத்துக்கு. ஒரு லிராவுக்கு 240 தெனாரி என்பதால், அரசு செலவழிக்கும் பணத்தில் அறுபதில் ஒரு பங்கு. இதற்கு மேல் ஆண்களுக்குத் தலைக்கு இரண்டு சோல்தி வரி. யாராவது உயில் எழுதினால் அதிலும் ஒபேராவுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். தண்டப் பணம், காணிக்கை, பாவத் தண்டனைக் குறைப்புக்காக நன்கொடை கொடுத்தவர்களின் பணம் எல்லாம் இதில் சேர்ந்தன. சாகப்போகிறவர் தன் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, இன்னும் கூரை போடாத ஓர் ஆலயமும் அந்தப் பட்டியலில் வாரிசாக உட்கார்ந்திருந்தது. பணக்காரர் ஒருவரின் ஒரே நன்கொடையை நம்பாமல், ஊர் முழுவதிலிருந்தும் சொட்டுச் சொட்டாக வரும்படி செய்ததுதான் சாமர்த்தியம்.

இருந்தும் வேலை படுத்துக்கொண்டது. அர்னோல்ஃபோ இறந்த பிறகு பல ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1331இல் கம்பளி வணிகர் சங்கத்திடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்தக் காலத்துப் புளோரன்ஸின் செல்வமே கம்பளிதான். அந்தச் சங்கத்தின் சின்னமான ஆட்டுக்குட்டியைப் பேராலயத்தின் சுவர்களில் இப்போதும் காணலாம். எதிரே இருக்கும் ஞானஸ்நான ஆலயம் இன்னொரு வணிகர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. இருபது முப்பது தப்படி இடைவெளியில் இரண்டு சங்கங்கள், ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்தபடி. அழகான ஊர் இப்படித்தான் உருவாகும் போலிருக்கிறது.

கணக்கு மீறினால் என்ன செய்வது? அது எல்லா ஊரிலும் நடந்தது. புளோரன்ஸுக்குத் தெற்கே பியென்சா என்ற சிற்றூரில் திருத்தந்தை இரண்டாம் பயஸ் 1459 முதல் 1462 வரை மூன்றே ஆண்டில் ஒரு கதீட்ரலைக் கட்டி முடித்தார். கட்டடக் கலைஞர் ரோசெல்லினோ சொன்ன மதிப்பீடு ஒன்று, ஆன செலவு அதைப்போலப் பல மடங்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இதைத் தொடங்கியே இருக்கமாட்டேன், நீ பொய் சொன்னது நல்லதாயிற்று என்ற பொருளில் பாராட்டி அவருக்குப் பரிசும் கொடுத்தார் பயஸ். அந்த ஆலயத்தின் பின்பகுதி சரிவான இளகிய மண்ணில் அமைந்ததால் அன்றிலிருந்தே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாண்டில் முடிப்பதிலும் ஒரு விலை இருக்கிறது.

மூன்றாம் படி: பழையதை இடிக்க அவசரப்படாதீர்கள்

புதிய சுவர்களைப் பழைய ஆலயத்தைச் சுற்றி எழுப்பினார்கள். உள்ளே சாந்தா ரெப்பராத்தாவில் பூசை நடந்துகொண்டே இருந்தது. வெளியே கொத்தனார்கள் வேலை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பழையதை முழுவதுமாக எடுத்தார்கள். தரைக்குக் கீழே அதன் எச்சங்கள் இன்றும் இருக்கின்றன, இறங்கிப் பார்க்கலாம்.

நான்காம் படி: மாதிரி செய்து, அதன் மேல் சத்தியம் செய்யுங்கள்

வரைபடத்தை நம்பி நூறாண்டு வேலையை ஒப்படைக்க முடியாது. தாள் கிழியும், ஆள் மாறும், வருகிறவன் தன் விருப்பத்துக்கு மாற்றுவான். ஆகவே மாதிரி.

1367இல் நேரி டி ஃபியோரவந்தே என்பவரின் குழு, செங்கல்லால் ஆளுயரத்தைத் தாண்டிய மாதிரி ஒன்றைச் செய்தது. அதில் எட்டுப் பக்கக் குவிமாடம் வெளியிலிருந்து எந்த முட்டும் இல்லாமல் தானே நின்றது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் உயரமான ஆலயச் சுவர்களைத் தாங்க, வெளிப்பக்கம் பாலம்போல வளைந்த கல் முட்டுகளை வைப்பார்கள். அவை நம் ஊருக்கு வேண்டாம், பார்க்க அசிங்கம் என்பது நேரியின் தரப்பு. ஊர் மக்களிடமே கருத்துக் கேட்டு, இந்த மாதிரியை ஏற்றார்கள். அதன் பிறகு தலைமைக் கொத்தனார்களும் நிர்வாகிகளும் ஆண்டுதோறும் அந்த மாதிரியின் மீது சத்தியம் செய்தார்கள்: இதிலிருந்து விலகமாட்டோம் என்று.

ஐம்பது ஆண்டு அப்படிச் சத்தியம் செய்தார்கள். மாதிரியில் இருப்பதை எப்படிக் கட்டுவது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாமலேயே.

ஐந்தாம் படி: காடு, மலை, ஆறு மூன்றையும் பிடியுங்கள்

மரத்துக்குக் காசென்தினோ மலைக்காடு. அங்கே ஒரு பெரும்பகுதியைக் குடியரசு ஒபேராவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டது. வெட்டிய மரங்களைக் கட்டுமரம்போலப் பிணைத்து ஆர்னோ ஆற்றில் மிதக்கவிட்டார்கள். வெள்ளைப் பளிங்கு கராராவிலிருந்து, பச்சைக் கல் பக்கத்துப் பிராத்தோவிலிருந்து, சிவப்புக் கல் தெற்கேயிருந்து. செங்கல் உள்ளூர்ச் சூளைகளில்.

பேராலயத்துக்கான சரக்குக்குச் சுங்கம் கிடையாது. அதில் ஒபேராவின் பயனுக்கு உரியது என்பதற்கான இலத்தீன் எழுத்துகளைப் பொறித்து அனுப்புவார்களாம். இத்தாலிய மொழியில் ஓசியில் கிடைப்பதை ‘அ ஊஃபோ’ என்பார்கள். அந்தச் சொல் இந்த முத்திரையிலிருந்து வந்தது என்பது புளோரன்ஸ்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை.

கல்லை விடக் கல்லைக் கொண்டுவருவதற்கே செலவு அதிகம். இதைக் குறைக்கப் புருனெலெஸ்கி (இவரைப் பற்றி அடுத்து வரும்) ஒரு சரக்குப் படகை வடிவமைத்து, 1421இல் மூன்று ஆண்டுகளுக்குத் தனியுரிமை வாங்கினார். வேறு யாராவது அதுபோன்ற புதுப் படகை ஓட்டினால் அதைக் கொளுத்திவிடலாம் என்று உத்தரவு. உலகின் முதல் காப்புரிமைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். 1428இல் ஏறத்தாழ நூறு டன் வெள்ளைப் பளிங்கோடு புறப்பட்ட அந்தப் படகு புளோரன்ஸ் வந்து சேரவில்லை. வழியிலேயே சரக்கை ஆற்றில் பறிகொடுத்தது. நஷ்டம் அவர் கைப்பணம். மேதைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சற்று வேகமாகப் புரட்டுவார்கள்.

ஆறாம் படி: குவிமாடம்

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். மற்றப் படிகளெல்லாம் இதற்கான முன்னேற்பாடுதான்.

வளைவோ குவிமாடமோ கட்டும்போது முதலில் அடியில் மரத்தால் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். அதன் மேல் கல்லை அடுக்கி, உச்சிக் கல்லை இறக்கி, சாந்து இறுகிய பின் மரத்தைப் பிரிக்க வேண்டும். உச்சிக் கல் இறங்கும்வரை வளைவு தானே நிற்காது. புளோரன்ஸில் குவிமாடம் தொடங்க வேண்டிய இடமே தரையிலிருந்து ஐம்பது மீட்டருக்கு மேல். அந்த உயரத்துக்கு, 42 மீட்டர் அகலத்துக்குச் சென்ட்ரிங் அடிக்க வேண்டுமானால் ஒரு காடே போதாது. அவ்வளவு நீளமான உத்தரங்களும் கிடைக்காது. ரோமின் பழைய பாந்தியோன் இதே அளவு அகலம் கொண்டதுதான். ஆனால் அது ரோமானியக் கான்கிரீட். அந்தக் கலவையின் பக்குவம் மறந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

1418 ஆகஸ்டில் 200 பொற்காசுகள் பரிசு என்று போட்டி அறிவித்தார்கள். வந்த யோசனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது இது: உள்ளே முழுவதும் மண்ணைக் குவித்து அதன் மேல் குவிமாடத்தைக் கட்டுவது, மண்ணோடு சில்லறைக் காசுகளைக் கலந்துவிட்டால், பிறகு ஊர்ப் பிள்ளைகளே காசுக்காக மண்ணை அள்ளிக் காலி செய்துவிடுவார்கள். சிரித்துவிடாதீர்கள், கூலிச் செலவைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவராக இருக்கலாம்.

சென்ட்ரிங்கே வேண்டாம் என்று சொன்னவர் பிலிப்போ புருனெலெஸ்கி. பயிற்சியால் பொற்கொல்லர், கடிகாரப் பொறிகளில் கைதேர்ந்தவர், இதற்கு முன் இவ்வளவு பெரிய எதையும் கட்டியவர் அல்லர். 1401இல் ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுக்கான போட்டியில் லொரென்சோ கிபெர்ட்டியிடம் தோற்று, ரோமுக்குப் போய்ப் பழைய இடிபாடுகளை அளந்துகொண்டிருந்தவர். எப்படிக் கட்டுவாய் என்று கேட்டால் சொல்லமாட்டார். சொன்னால் யாரும் செய்துவிடுவார்கள் என்பார். 1420இல் அவரைப் பொறுப்பில் வைத்தார்கள், கூடவே கிபெர்ட்டியையும். இரண்டு மாப்பிள்ளையை ஒரே பந்தலில் உட்கார வைத்த கதைதான். அந்த ஆண்டு ஆகஸ்டு 7 அன்று மேலே வேலை தொடங்கியது.

அவர் செய்தது என்ன? நான்கு சங்கதிகள், ஒன்றோடொன்று பின்னியவை.

முதலாவது, வளைவின் வடிவம். ஒரு தாளும் காம்பஸும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு போட்டு அதை ஐந்து சம பங்காகப் பிரியுங்கள். இடது முனையிலிருந்து முதல் புள்ளியில் காம்பஸின் முள்ளை ஊன்றி, வலது முனையைத் தொடும்படி விரித்து, மேல்நோக்கி வில் போடுங்கள். வலப்பக்கத்திலிருந்தும் அவ்வாறே. இரண்டு விற்களும் நடுவில் கூராகச் சந்திக்கும். எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே குவிமாடம் எழும்பும் கோடு இதுதான். அரைவட்டத்தை விடச் செங்குத்தாக ஏறுவதால் வெளிப்பக்கம் தள்ளும் விசை குறைவு.

இரண்டாவது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு. உள் ஓடு அடியில் இரண்டு மீட்டருக்கு மேல் தடிமன். வெளி ஓடு அதைவிட மிக மெல்லியது, மழைக்கும் அழகுக்கும். இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் இடைவெளி. எட்டு மூலைகளில் எட்டு, பக்கங்களில் பக்கத்துக்கு இரண்டாகப் பதினாறு, ஆக 24 விலா எலும்புகள் இரண்டு ஓடுகளையும் பிணைக்கின்றன. முழுவதும் கட்டியாகக் கட்டுவதை விட எடை குறைவு, வலு குறையவில்லை.

மூன்றாவது, சங்கிலி. எந்தக் குவிமாடமும் தன் பாரத்தால் அடியில் விரிந்துகொடுக்கப் பார்க்கும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதுபோல, நான்கு மட்டங்களில் நீண்ட மணற்கற்களை இரும்புப் பிடிகளால் கோத்துக் கல் சங்கிலி போட்டார். இவற்றோடு மரச் சங்கிலி ஒன்றும் உண்டு. அதன் வேலை நடந்த சமயத்தில் புருனெலெஸ்கி வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாராம். கிபெர்ட்டி இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். கிபெர்ட்டிக்கு வழி தெரியவில்லை. கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்ததோ, கணக்குப் புத்தகம் சொல்வது இது: தொடக்கத்தில் இருவருக்கும் ஆண்டுக்கு 36 பொற்காசுகள், 1426இல் புருனெலெஸ்கிக்கு 100, கிபெர்ட்டிக்கு அதே 36.

நான்காவதுதான் உயிர்நாடி: செங்கல் வைத்த முறை. சாய்வான சுவரில் ஈரச் சாந்தின் மேல் செங்கல்லை வைத்தால் உள்பக்கம் வழுக்கி விழும். உச்சியை நெருங்கும்போது சாய்வு மிகக் கடுமையாகிவிடும். புருனெலெஸ்கியின் ஆட்கள் சில செங்கற்களைப் படுக்கையாக வைத்ததும் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். பிறகு மீண்டும் படுக்கை, மீண்டும் ஒரு நட்டக்கல். நட்டக்கல் தன் வரிசையை மீறி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வரிசையில் படுக்கைக் கற்கள் இரண்டு நட்டக்கற்களுக்கு நடுவே இறுக்கமாகச் செருகி நிற்கும், அலமாரியில் இரண்டு தடுப்புகளுக்கு இடையே புத்தகங்கள் சாயாமல் நிற்பதுபோல. வரிசைக்கு வரிசை நட்டக்கல் சற்று நகர்ந்துகொண்டே போவதால், தள்ளி நின்று பார்த்தால் மீன் முள்போலச் சுருண்டு மேலேறும் கோலம் தெரியும். ஒரு சுற்று முடிந்ததும் அது தன்னைத் தானே தாங்கும் வளையமாகிவிடும். சாந்து இறுகியதும் அடுத்த சுற்று. சென்ட்ரிங்கின் வேலையை அடுத்தடுத்த வளையங்களே பார்த்துக்கொண்டன.

நாற்பது இலட்சம் செங்கற்களுக்கு மேல், சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மீட்டர் வீதம், பதினாறு ஆண்டுகள் இப்படிப் போயிற்று. இன்று குவிமாடத்துக்கு ஏறும் 463 படிகளில் பின்பகுதி இரண்டு ஓடுகளுக்கு நடுவேதான் செல்கிறது. மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் சுவரைப் பாருங்கள். நட்டக்கற்களின் வரிசை பூச்சில்லாமல் அப்படியே தெரியும். வெளியே இருக்கும் பளிங்கையும் உள்ளே இருக்கும் ஓவியத்தையும் விட, படம் எடுக்கத் தகுந்தது அந்தச் செங்கல்தான் என்பேன்.

ஏழாம் படி: மாட்டையும் மனிதரையும் மேலே அனுப்புவது

மாடு மேலே போகவில்லை. தரையில் நின்றபடி பாரத்தை ஏற்றியது. புருனெலெஸ்கி 1421 வாக்கில் அமைத்த ஏற்றப் பொறியில் மாடுகள் செக்கு இழுப்பதுபோல வட்டமாக நடக்கும். சிக்கல் என்னவென்றால், பாரத்தை ஏற்றிய பின் கயிற்றை இறக்க வேண்டும். அதற்கு மாட்டை அவிழ்த்து எதிர்த்திசையில் பூட்ட வேண்டும். நாளெல்லாம் இதே வேலை என்றால் பாதிப் பொழுது நுகத்தடியிலேயே போய்விடும். அவர் நடுத்தண்டில் மேலும் கீழுமாக இரண்டு பல்சக்கரங்களை மாட்டி, ஒரு திருகால் தண்டைச் சற்று உயர்த்தித் தாழ்த்தும்படி செய்தார். மேல் சக்கரம் பிடித்தால் கயிறு ஏறும், கீழ்ச் சக்கரம் பிடித்தால் இறங்கும். மாடு தன் பாட்டுக்கு ஒரே திசையில் நடந்துகொண்டிருக்கும். பிற்காலத்தில் இளைஞர் லியோனார்டோ டா வின்சி இந்தப் பொறிகளைப் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டார். அந்த ஓவியங்களைக் கொண்டு பலர் அவற்றை அவருடைய கண்டுபிடிப்பு என்றே நினைத்திருந்தார்கள்.

கொத்தனார்கள் காலையில் ஏறினால் சாப்பாட்டுக்கு இறங்கி மறுபடி ஏறுவதிலேயே பொழுது போய்விடும் என்று மேலேயே சமையல் ஏற்பாடு செய்தார்கள் என்கிறார்கள். திராட்சை மது உண்டு, தண்ணீர் கலந்துதான். ஏற்றப் பொறியின் தொட்டியில் ஏறிப் பயணம் செய்வதற்குத் தடை. கீழே பார்த்துத் தலைசுற்றாதபடி, வேலை மேடையின் உள்விளிம்பில் பலகைத் தடுப்பு.

ஒரு சின்ன அலுவலகச் சம்பவம். 1434இல் கொத்தனார் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று புருனெலெஸ்கியைச் சிறையில் போட்டார்கள். குவிமாடம் முடிய இரண்டே ஆண்டு இருந்தது. ஒபேரா தலையிட்டுப் பதினோரு நாளில் வெளியே கொண்டுவந்தது.

எட்டாம் படி: திறப்பு விழா வையுங்கள், வேலை முடியாவிட்டாலும்

1436 மார்ச் 25 அன்று திருத்தந்தை நான்காம் யூஜின் ஆலயத்தை அர்ச்சித்தார். அன்று மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள். புளோரன்ஸ் நாட்காட்டியில் புத்தாண்டும் அன்றுதான். திருத்தந்தை தங்கியிருந்த சாந்தா மரியா நொவெல்லா மடத்திலிருந்து பேராலயம் வரைக்கும் மரத்தால் உயர்ந்த நடைபாதை அமைத்து அலங்கரித்திருந்தார்கள். கியோம் டூஃபே இந்த விழாவுக்கென்றே இசையமைத்த பல குரல் பாடல் இன்றும் பாடப்படுகிறது. குவிமாடத்தின் செங்கல் வேலை முடிந்தது அதற்குப் பிறகு, ஆகஸ்டில்.

மேலே இன்னும் ஒன்று பாக்கி: உச்சியில் வெளிச்சம் புக வைக்கும் பளிங்கு விளக்குக்கூண்டு. அதற்கும் போட்டி வைத்தார்கள், பாவம், குவிமாடம் கட்டிய மனிதருக்கே. அவரே வென்றார். முதல் கல் ஏறிய 1446லேயே இறந்தும் போனார். கூண்டு முடிந்தது 1461இல். 1471இல் சிற்பி வெரோக்கியோவின் பட்டறை செய்த, பொன்முலாம் பூசிய செப்பு உருண்டையை உச்சியில் ஏற்றினார்கள். பிற்பாடு மின்னல் தாக்கி அது கீழே உருண்டது. 1602இல் இன்னும் பெரிதாக ஒன்றை வைத்தார்கள். விழுந்த இடத்தைக் காட்ட, ஆலயத்தின் பின்புறத் தரையில் ஒரு வெள்ளைப் பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நடந்து போகிறவர்களில் பெரும்பாலோர் குனிந்து பார்ப்பதில்லை.

இதே வேலையை அவசரமாகவும் செய்யலாம். ரோமில் புனித பேதுரு ஆலயத்துக்கு மிக்கேலாஞ்சலோ வடிவமைத்த குவிமாடத்தை ஜாக்கோமோ டெல்லா போர்த்தா 1588 முதல் 1590க்குள், 22 மாதங்களில் எழுப்பிவிட்டார். அதில் விரிசல் பெருகி, 1740களில் இரும்பு வளையங்களைக் கூடுதலாகப் பூட்ட வேண்டியிருந்தது. நியாயமாகச் சொன்னால் புளோரன்ஸ் குவிமாடத்திலும் பெரிய விரிசல்கள் உண்டு. கருவிகள் பொருத்திக் கண்காணிக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: கட்டியதைப் பயன்படுத்துங்கள்

பூசை, மறையுரை, ஆயரின் சடங்குகள் நாள்தோறும். இவற்றுக்கு அப்பால் அங்கே நடந்தவற்றைப் பார்த்தால்தான் அந்தக் காலத்துப் பேராலயம் எதற்காக என்பது பிடிபடும்.

1439 ஜூலை 6 அன்று, நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்த கிரேக்கத் திருச்சபையும் இலத்தீன் திருச்சபையும் ஒன்றாகிவிட்டன என்ற ஆவணத்தை இந்தக் குவிமாடத்தின் கீழ்தான் இரு மொழியிலும் வாசித்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் பேரரசரே வந்திருந்தார். அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. 1453இல் அவருடைய நகரமும் வீழ்ந்தது.

1478 ஏப்ரல் 26, ஞாயிறு. பூசை நடந்துகொண்டிருந்தபோது ஊரை நடைமுறையில் ஆட்டுவித்த வங்கிக் குடும்பமான மெதிச்சியின் சகோதரர்கள் இருவர் மீது கத்திகள் பாய்ந்தன. பாத்சி குடும்பத்தாரின் சதி. தம்பி ஜூலியானோ அங்கேயே செத்தார். அண்ணன் லொரென்சோ கழுத்தில் காயத்தோடு பக்கத்துத் திருப்பொருள் அறைக்குள் ஓடி வெண்கலக் கதவைச் சாத்திக்கொண்டார். கொலைக்கு வேறு இடம் இல்லையா என்று தோன்றும். சகோதரர்கள் இருவரும் ஒரே நேரத்தில், ஊரறிய, காவல் தளர்ந்து நிற்கும் இடம் அதுதான் என்று சதிகாரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கடிகாரமும் அங்கே இருந்தது: முகப்பின் உட்சுவரில் பவுலோ உச்செல்லோ 1443இல் வரைந்த 24 மணி முகம். சூரியன் மறையும்போது நாள் முடியும் கணக்கு அது. வானியலும் அங்கே இருந்தது. 1475 வாக்கில் பவுலோ தொஸ்கனெல்லி விளக்குக்கூண்டின் அடியில் சிறு துளையிட்ட வெண்கலத் தகட்டைப் பொருத்தினார். ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்திலிருந்து அதன் வழியே இறங்கும் வெயில், கோடையின் உச்ச நாட்களில் தரையில் வட்டமாக ஊர்ந்து செல்லும். கூலிப்படைத் தளபதியாகச் சண்டை போட்ட ஆங்கிலேயர் ஒருவருக்கும் சுவரில் இடம் உண்டு: ஜான் ஹாக்வுட், குதிரை மேல், சிலைபோலத் தோன்றும்படி உச்செல்லோ வரைந்த ஓவியம். உலோகச் சிலைக்கு ஆகும் செலவு மிச்சம்.

பாக்கிக் கணக்கு

உங்கள் ஏட்டில் முடியாத இனங்கள் இரண்டு இருக்கும். முகப்பு ஒன்று. அர்னோல்ஃபோ தொடங்கிய முகப்பு பாதியிலேயே நின்று, 1587இல் அதையும் இடித்துவிட்டு, மூன்று நூற்றாண்டுகள் மொட்டைச் சுவராக இருந்தது. இன்று எல்லோரும் படம் எடுக்கும் வண்ணப் பளிங்கு முகப்பு எமிலியோ தெ ஃபாப்ரிஸ் வடிவமைத்து 1887இல் முடிந்தது. மறுமலர்ச்சிக் காலத்தவர் யாரும் அதைப் பார்த்ததில்லை.

இன்னொன்று குவிமாடத்தின் அடியில், சுற்றி வரவேண்டிய பளிங்கு நடைமாடம். பாச்சோ தஞ்ஞோலோ அதைக் கட்டத் தொடங்கி, எட்டுப் பக்கத்தில் ஒரு பக்கம் 1515இல் முடிந்திருந்தது. மிக்கேலாஞ்சலோ அதைப் பார்த்து, சில்வண்டுக் கூண்டுபோல இருக்கிறது என்றாராம். புளோரன்ஸில் பிள்ளைகள் சில்வண்டைப் பிடித்துச் சிறு கூண்டுகளில் அடைத்து வைப்பார்கள். வேலை அன்றோடு நின்றது. தென்கிழக்குப் பக்கத்தில் மட்டும் அந்த நடைமாடம் வெள்ளையாகப் பளிச்சிடும். மற்ற ஏழு பக்கங்களிலும் கரடுமுரடான சுவர் அப்படியே திறந்து கிடக்கிறது. ஒபேரா அலுவலகம் இன்னும் இயங்குகிறது. அந்த ஏழு பக்கங்களுக்கு யாரும் இன்னும் டெண்டர் விடவில்லை.